கையில் கொடுக்கும் பழக்கம்

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற நம் சபாவின் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னிடம் வந்து, "மாமா, தலைமைப் பண்பும் தினசரிப் பழக்கமும் என்று ஒரு தலைப்பு இருக்கு, இருபது நிமிஷம் பேசணும்" என்றார். நான் எந்தக் காலத்திலும் தலைவனாக இருந்தவன் இல்லையே என்றேன். "அதனால்தான் உங்களைக் கேட்கிறோம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். உண்மைதான். நான் இங்கே பஜார் ரோட்டில் ஒரு மலைச்சரக்குக் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவன். மிளகும் சுக்கும் ஏலக்காயும்தான் எனக்குத் தெரிந்த உலகம். இன்றும் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் நடந்தால், மூடிக் கிடக்கும் கோடௌன்களிலிருந்து வரும் வாசனையிலேயே எங்கே சுக்கு வைத்திருந்தார்கள், எங்கே மிளகு வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். அந்த அளவுதான் என் படிப்பு.

தலைமையைப் பற்றிப் பெரிய பெரிய புஸ்தகங்கள் வந்துவிட்டன. ஸ்டீபன் கவி 1989-ல் எழுதிய ஏழு பழக்கங்கள் பற்றிய புஸ்தகத்தை என் பிள்ளை வாங்கிக் கொடுத்தான். படித்தேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் இன்று அதைச் சொல்ல வரவில்லை. எனக்கு ஏழு பழக்கம் தெரியாது. ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக் கொண்ட கதை தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன். அது நம் ஊரின் கதையும்கூட.

நம் ஊரில் சரித்திரம் என்றால் டச்சுப் பாலஸையும் 1568-ல் கட்டிய யூதப் பள்ளியையும் காட்டுவோம். துறைமுகத்தைப் பற்றிக் கேட்டால் ராபர்ட் பிரிஸ்டோவின் பெயரைச் சொல்வோம். அவர் 1920-ல் இங்கே வந்தார். காயல் கடலில் சேரும் வாயை அடைத்துக் கொண்டிருந்த மணல் திட்டை வெட்டினார். 1928-ல் 'பத்மா' என்ற கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவை உண்டாக்கினார்கள். நம் எதிரே தண்ணீருக்கு அக்கரையில் தெரிகிறதே, அந்த நிலம் நூறு வருஷத்துக்கு முன் அந்த அளவில் இல்லை. எப்பேர்ப்பட்ட காரியம்!

ஆனால் அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஆளுக்கு வேலை எப்படிக் கிடைத்தது என்று நாம் குழந்தைகளுக்குச் சொல்வதில்லை. அதன் பெயர் சாப்பா. உலோகத்தில் செய்த சின்னத் தகடு. அது கையில் இருந்தால்தான் அன்றைக்கு வேலை. காலையில் ஆட்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். கங்காணி மாதிரி ஒரு மூப்பன் வருவான். தகடுகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். பசியோடு நிற்கிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, அடித்துப் பிடித்துப் பொறுக்குவார்கள். கிடைத்தவன் வேலைக்குப் போவான். கிடைக்காதவன் அடிபட்ட உடம்போடு வீட்டுக்குப் போவான்.

இந்த முறையை எடுக்க வேண்டும் என்று தொழிலாளிகள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி இதே மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சம்பவத்திலும் அதையொட்டிய போலீஸ் நடவடிக்கையிலும் சைது, சைதலவி, ஆண்டணி என்று மூன்று பேர் உயிரை விட்டார்கள். 2023-ல் 'துறமுகம்' என்று ஒரு மலையாளப் படம் வந்தது. ராஜீவ் ரவி எடுத்தது. கே.எம். சிதம்பரன் எழுதிய பழைய நாடகத்தை வைத்து எடுத்த படம். பேரன் வீட்டில் போட்டுக் காட்டினான். தகடுகளை வீசும் அந்தக் காட்சி வந்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன். "என்ன தாத்தா, பயந்துட்டியா?" என்றான். பயமில்லை, வெட்கம். ஏன் என்று சொல்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். தகடு ஒன்றுதான், கூலியும் அதே கூலிதான். அதைக் கையில் கொடுத்திருந்தால் அது வேலைக்கான சீட்டு. எறிந்ததால் அது அவமானம் ஆயிற்று. கடலின் வாயைத் திறக்கவும் தீவையே உண்டாக்கவும் தெரிந்த ஒரு துறைமுகத்தில், ஒரு மனுஷன் கையில் ஒரு தகட்டைக் கொடுக்கும் பழக்கம் இல்லாமல் போயிற்று.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1968-ல். எங்கள் முதலாளி ஒரு குஜராத்தி சேட். கோடௌனில் ஐம்பது அறுபது பேர் வேலை செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மிளகைப் புடைத்து, தூசியும் காம்பும் பொறுக்கி, பொக்கு மிளகைத் தனியாகப் பிரிப்பது அவர்கள் வேலை. நாள் முழுக்கக் கீழே உட்கார்ந்து, கண்ணும் மூக்கும் எரிய எரியச் செய்ய வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலி. மஸ்டர் ரோலைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டுப் பணத்தைக் கொடுப்பது என் பொறுப்பு. ஐந்தாறு வருஷத்தில் அந்த நாற்காலியில் நன்றாகவே உட்கார்ந்து கொண்டேன்.

நான் எப்படிக் கொடுத்தேன் தெரியுமா? நோட்டையும் சில்லறையையும் அவர்கள் உள்ளங்கைக்கு ஒரு ஜாண் மேலே பிடித்துப் போடுவேன். கை படாது. இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்காத்தில் பாட்டி அப்படித்தான் எல்லோருக்கும் கொடுப்பாள். கறிகாய்க்காரிக்கும், வண்ணானுக்கும், பால்காரனுக்கும். பாட்டி யார் மேலும் கோபமோ த்வேஷமோ கொண்டவள் இல்லை. மடி என்றாள், அவ்வளவுதான். நான் மடி எதுவும் பார்த்தவன் இல்லை. டீக்கடையில் டீ குடிப்பேன், சினிமாவுக்குப் போவேன். ஆனால் கை மட்டும் பாட்டியின் கையாகவே இருந்தது. பழக்கம் என்பது அதுதான். காரணம் போய்ப் பல வருஷம் ஆனபிறகும் கை தன் பாட்டுக்குச் செய்து கொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை. ஆடி மாசம் என்று நினைக்கிறேன், நல்ல மழை. ஒரு அம்மாளின் பெயரைக் கூப்பிட்டேன். ஐம்பது வயசு இருக்கும். அவர் பெயரை இங்கே சொல்லவில்லை. குடும்பம் இந்த ஊரில்தான் இருக்கிறது. வழக்கம்போல மேலேயிருந்து போட்டேன். ஒரு ஐம்பது பைசா கையில் விழாமல் தெறித்து, உருண்டு, மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் குனியவில்லை. நேராக நின்று, மலையாளத்தில், சத்தம் போடாமல் சொன்னார்:

"சாமி, என் புருஷன் சாப்பா பொறுக்கித்தான் எங்களுக்குச் சோறு போட்டார். பொறுக்கினது போதும். எடுத்துக் கையில் கொடுங்கள்."

கோடௌன் முழுக்க நிசப்தம். எனக்கு முகம் சிவந்து போயிற்று. அன்றைக்கு எனக்கு வெட்கம் வந்திருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன். வந்தது கோபம். கூலிக்கு வருகிறவள் என்னை எடுத்து எடு என்கிறாளே என்று கோபம். "அடுத்த ஆள்" என்றேன். அவர் அந்தக் காசை எடுக்காமலே போய்விட்டார். நான் சிரத்தையாகப் புஸ்தகத்தில் எழுதினேன்: பாக்கி, ஐம்பது பைசா.

திங்கட்கிழமை சேட் புஸ்தகம் பார்த்தார். அவர் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் ஆபீஸுக்குள் நுழையும் முன் கோடௌனை ஒரு சுற்று சுற்றுவார். ஒரு மிளகை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். அரைகுறை மலையாளத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். "உன் பையனுக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்பார். நேற்று வராதவளை, "நேற்று உன் இடம் காலியாக இருந்தது" என்பார். இதற்கு இருபது நிமிஷம் ஆகும். எனக்கு இது வீண் வேலையாகத் தோன்றியது. அப்புறம்தான் கவனித்தேன்: எங்கள் கோடௌனில் சரக்கு திருட்டு அபூர்வம், சொல்லாமல் நின்றுபோன ஆட்களும் அபூர்வம்.

சேட் அந்தப் பாக்கியைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். சொன்னேன். என் பக்கம் நியாயம் இருப்பதாகவே சொன்னேன். அவர் திட்டவில்லை. "கணக்கில் ஒரு பைசா தப்பினால் ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து தேடுகிறாய். ஒரு ஆளிடம் தப்பினால் 'அடுத்த ஆள்' என்கிறாய்" என்றார். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை அவரே என் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கொண்டார். நான் பெயரைக் கூப்பிட, அவர் கூலியை எடுத்து, இரண்டு கையாலும் அவர்கள் கையில் வைத்தார். அந்த அம்மாளுக்கு வாரக் கூலியோடு ஐம்பது பைசாவையும் சேர்த்து வைத்தார். அதற்கு அடுத்த வாரம் முக்காலி காலியாக இருந்தது. இனி நான்தான் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கை தானாக மேலே போகிறது! முதல் பத்துப் பேருக்கு ஞாபகமாகக் கொடுப்பேன். பதினோராவது ஆளுக்குக் கை ஒரு ஜாண் ஏறிவிடும். மனசில் தீர்மானம் பண்ணினால் போதும் என்று நினைத்தேன், போதவில்லை. கடைசியில் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். முழங்கையை மேஜை மேல் ஊன்றிக் கொண்டேன். முழங்கை மேஜையில் இருந்தால் கை மேலே போகாது. நாலைந்து மாசம் அப்படி ஊன்றி ஊன்றிக் கொடுத்த பிறகுதான் ஊன்றாமலே வந்தது. ஆபீஸில் வந்ததே தவிர ஆத்தில் வரவில்லை. கறிகாய்க்காரிக்கு மேலேயிருந்து காசு போட்டதை என் ஆத்துக்காரி பார்த்து, "ஆபீஸுக்கு ஒரு கை, ஆத்துக்கு ஒரு கையா?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

கை மாறினபோது வேறு சில விஷயங்களும் தானாக மாறின. கையில் கொடுக்க வேண்டுமானால் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஒருத்திக்கு விரல் நுனியெல்லாம் வெடித்திருப்பதைப் பார்த்தேன். ஒருத்திக்கு எழுத்து தெரியாது, கட்டை விரல் வைக்கக் கூச்சப்பட்டுக் கடைசியில் வருகிறாள் என்பது தெரிந்தது. ஐந்து வருஷமாக மஸ்டர் ரோலில் வெறும் பெயராக இருந்தவர்கள் ஆட்கள் ஆனார்கள். இதையெல்லாம் நான் நல்லவனாக ஆனதால் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். முழங்கையை ஊன்றினேன், மற்றது பின்னால் வந்தது.

நம் பெரியவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. சந்தியாவந்தனத்தை மூன்று வேளை, தினமும், மனசு ஒன்றினாலும் ஒன்றாவிட்டாலும் பண்ணு என்று ஏன் வைத்தார்கள்? தினம் செய்வது நம்மைச் செதுக்கும் என்பதால்தான். அபிவாதனத்தை நினைத்துப் பாருங்கள். பெரியவரை நமஸ்கரிக்கும்போது, நான் இன்ன ரிஷிகளின் வழியில் வந்தவன், இன்ன கோத்திரம், இன்ன சூத்திரம், இன்ன பெயர் என்று சொல்கிறோம். நம் மரியாதையே பெயரைச் சொல்வதில் ஆரம்பிக்கிறது. அப்படிப்பட்ட நாம், ஆத்தில் பாத்திரம் தேய்க்க வருகிறவளின் பெயரைக் கேட்காமலே பத்து வருஷம் ஓட்டியிருக்கிறோம். நான் ஓட்டியிருக்கிறேன். அனுஷ்டானத்தின் ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெரிய அளவில் தலைமை ஏற்றவர்களிடமும் இதே சின்னப் பழக்கங்களைத்தான் பார்க்கிறோம். ஈ. ஸ்ரீதரனை இங்கே தெரியாதவர் இல்லை. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது, அதைச் சரிசெய்ய ஆறு மாசம் என்று ரயில்வே வைத்த கெடு. இளம் என்ஜினியராக இருந்த அவர் 46 நாளில் முடித்தார். பிறகு நம் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்துக்குத் தலைவராக வந்தார். அங்கே கட்டிய முதல் கப்பலான 'ராணி பத்மினி' 1981-ல் கடலில் இறங்கியது. டெல்லி மெட்ரோவை 1997 முதல் 2011 வரை நடத்தியபோது, வேலை முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று காட்டும் கடிகாரங்களை வைத்தார். நேரம் தவறாமை என்பது மற்றவர்களின் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதை. அதைவிடப் பெரியது 2009 ஜூலையில் நடந்தது. கட்டிக் கொண்டிருந்த பாலத்தின் ஒரு பகுதி விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். அன்றைக்கே அவர் முன்னால் வந்து, பொறுப்பு என்னுடையது என்று ராஜினாமா கொடுத்தார். முதலமைச்சர் ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை. மறுபடி வேலைக்கு வந்தார். கீழே இருப்பவன் மேல் பழியைத் தள்ளாத பழக்கம் அந்த ஒரு நாளில் வந்திருக்க முடியாது. அதற்கு முன் எத்தனையோ சின்ன நாட்களில் பழகியிருக்க வேண்டும்.

தலைவர்கள் மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதற்கும் நம் கொச்சியிலேயே உதாரணம் இருக்கிறது. 2017 ஜூனில் கொச்சி மெட்ரோ ஓட ஆரம்பித்தது. ஸ்டேஷன் வேலைகளுக்குக் குடும்பஸ்ரீ பெண்களை வைத்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட திருநங்கையரையும் வேலைக்கு எடுத்தார்கள். தேசம் முழுக்கப் பாராட்டினார்கள். சில வாரங்களிலேயே அவர்களில் சிலர் வேலையை விட்டுவிட்டார்கள். ஏன்? ஊரில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளம் கட்டுப்படியாகவில்லை. மேலே இருந்தவர்கள் நல்ல உத்தரவு போட்டார்கள். வாசலில் நின்ற நம்மைப் போன்றவர்கள், "வீடு காலி இல்லை" என்றோம். ஒரு உத்தரவு எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் தினசரிப் பழக்கம்தான் தீர்மானிக்கிறது.

இப்போது நான் சொல்ல விரும்பும் நாலு விஷயம்.

ஒன்று: உங்களுக்கு வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் முதல் நாளே பெயரைக் கேளுங்கள். மறந்தால் மறுபடி கேளுங்கள். அதில் அவமானம் இல்லை.

இரண்டு: கூலியோ காப்பியோ, எதைக் கொடுத்தாலும் கையில் கொடுங்கள். சொன்ன நாளில் கொடுங்கள்.

மூன்று: பழக்கத்தை மாற்ற மனவுறுதியை மட்டும் நம்பாதீர்கள். முழங்கையை ஊன்ற ஒரு மேஜையைத் தேடிக் கொள்ளுங்கள். கோபக்காரராக இருந்தால், திட்டுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதுவும் ஒரு மேஜைதான்.

நான்கு: தப்பு பண்ணினால் மன்னிப்பை அன்றைக்கே கேட்டுவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

இந்த நாலாவதை நான் செய்யவில்லை. அந்த அம்மாள் அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் எங்களிடம் வேலை செய்தார். ஐந்நூறு சனிக்கிழமையாவது அவர் கையில் கூலியைக் கொடுத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பின்னால் வரிசை நிற்கும், விட்டுவிடுவேன். கண் பார்வை மங்கி அவர் வேலையை விட்டார். ஒரு நாள் வீட்டுக்கே போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். போவதற்குள் அவர் காலமான செய்தி வந்தது. சேட் ஐம்பது பைசா பாக்கியைத் தீர்த்துவிட்டார். என் பாக்கி அப்படியே நிற்கிறது. கணக்கு எழுதியவனுக்குத் தெரியும், எதிராளி இல்லாத பாக்கியைத் தீர்க்க வழியில்லை. அதனால்தான் இந்த மேடையில் உங்கள் முன்னால் சொல்கிறேன்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, இரண்டு மாசம் படுக்கையில் கிடந்தேன். குழந்தைகள் வெளிநாட்டில். நம்மில் பல பேருக்கு அப்படித்தானே? ஒரு ஹோம் நர்ஸ் வந்தாள். மலைப்பக்கத்துப் பெண், என் பேத்தி வயசு. முதல் நாள் மாத்திரை கொடுக்க வந்தபோது, என் உள்ளங்கையைத் தன் இடது கையால் தாங்கிப் பிடித்து, மாத்திரையை அதில் வைத்து, விரல்களை மெதுவாக மூடிவிட்டாள். என் கை நடுங்கும், மாத்திரை விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நான் குனிந்து எடுக்க முடியாது என்பதும் தெரியும். படுத்தபடியே ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கொண்டிருந்தேன். பிறகு, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

சபாவுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இன்று மத்தியானம் நாம் எல்லோரும் இங்கே சாப்பிடப் போகிறோம். சமையல் பண்ணினவர்கள், பரிமாறப் போகிறவர்கள், கடைசியில் ஹாலைப் பெருக்கப் போகிறவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். வழக்கமாக அவர்கள் கூலியை ஒரு கவரில் போட்டு காண்டிராக்டரிடம் கொடுத்துவிட்டு நாம் காரில் ஏறிவிடுவோம். இன்று கமிட்டி அங்கத்தினர்கள் நின்று, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, கையில் கொடுத்துவிட்டுப் போகலாமே. காரியதரிசி அனுமதித்தால் அந்த மேஜையில் நான் உட்காருகிறேன். அனுபவம் உண்டு.